பைபர் படகு மங்கிப் போச்சு, எந்த பொலிஷர் வாங்குறது?

பெப்ரவரி 2, இரவு 8.15 (கேள்வி)

நுவரெலியா கிரகரி வாவியில ஓடுற 16 அடி பைபர் படகு ஒன்னு, அன்ன வடிவப் பெடல் படகு நாலு. எல்லாம் வெள்ளை. இப்ப சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி ஆகிருச்சு, கை வெச்சா வெள்ளையா ஒட்டுது. ஏப்ரல் சீசனுக்கு முன்னாடி பளபளப்பு வரணும். நாலு அங்குல கிரைண்டர் கையில இருக்கு, அதுல கம்பளி பேட் மாட்டினா போதும்னு பெயிண்ட் பாஸ் சொல்றாரு. கடையில 10 அங்குல ‘கார் பொலிஷர்’ ஒன்னு விலை குறைவா இருக்கு. எதை எடுக்குறது?

பெப்ரவரி 2, இரவு 9.40

ரெண்டும் வேணாம் அண்ணே.

நாலு அங்குல கிரைண்டர் நிமிஷத்துக்கு 11,000 சுற்று அளவுல ஓடும். அதுல 180 மி.மீ. பேட் ஒன்னை மாட்டினா விளிம்பு வேகம் வினாடிக்கு 100 மீட்டரைத் தாண்டிரும். அதே பேட் 1500 சுற்றுல ஓடினா 14 மீட்டர்தான், வேலைக்கு வேண்டியதும் அவ்வளவுதான். பெரிய பேட் 3000 சுற்றுக்கு மேல தாங்குற மாதிரி செய்யப்படல. பேட்டைத் தாங்குற பின்தட்டுல இருந்து பிய்ச்சுக்கிட்டு முகத்துக்கு வரும். வராட்டியும் ஜெல்கோட், அதாவது பைபருக்கு மேல இருக்குற வெளிப்பூச்சு, ரெண்டு செக்கன்ல சூடேறி மஞ்சளாகிரும். போதாததுக்கு மரையும் சேராது. சின்ன கிரைண்டருக்கு எம்10 (10 மி.மீ. மரை), பொலிஷர் பின்தட்டுக்கு எம்14. நடுவுல அடப்டர் போட்டு மாட்டுறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க.

10 அங்குல மெஷின் மெழுகு தடவ மட்டும்தான். ஒரே வேகம், கொஞ்சம் அழுத்தினா பேட் நின்னுரும். காரோட மேல்பூச்சை விட ஜெல்கோட் தடிப்பு. அதை வெட்டி எடுக்குற பலம் அந்த மெஷின்ல இல்ல.

உங்களுக்கு வேண்டியது வேகம் கூட்டிக் குறைக்கக் கூடிய ரோட்டரி பொலிஷர், அதாவது ஊசலாடாம நேரா சுத்துறது. 180 மி.மீ., எம்14 மரை, 1200 வாட் அளவு. அடி வேகம் 600ல இருந்து 750க்குள்ள தொடங்கணும், மேல 3000 போதும். மகிட்டா 9237 வரிசை, பொஷ் ஜி.பி.ஓ. 12 ரெண்டும் இந்த அளவுக்குள்ள வருது.

பெப்ரவரி 3, காலை 6.30

நேத்து வாட் கணக்கைச் சொன்னதும் ஒருத்தர் ‘1600 வாட் மலிவா கிடைக்குதே’ன்னு கேட்டிருக்காரு. வாட்டைப் பார்த்து வாங்காதீங்க. அழுத்தம் குடுக்கும்போது வேகம் விழாம இருக்கணும், அதுதான் முக்கியம். நல்ல மெஷின்ல ஒரு எலக்ட்ரோனிக் போர்ட் இருக்கும். பேட் இழுபடும்போது அதுவே கரண்டைக் கூட்டி 1200 சுற்றை 1200லயே வெச்சிருக்கும். மலிவு மெஷின்ல டயல் இருக்கும், அந்தக் கட்டுப்பாடு இருக்காது. 1200ல வெச்சு ஹல்லுல (படகோட வெளி உடம்புல) அழுத்தினா 700க்கு இறங்கும், தூக்கினதும் பாய்ஞ்சு ஏறும், கம்பவுண்ட் (பொலிஷ் பண்ணத் தேய்க்கிற பசை) நாலு பக்கமும் தெறிக்கும். வேகம் விழுதேன்னு டயலைக் கூட்டுவீங்க, பேட் லேசாகிற இடத்துல ஜெல்கோட் கருகும்.

கடையிலயே பார்த்துக்கலாம். கீழ் வேகத்துல ஓட விட்டு, ஒரு பலகையில பழைய துணி விரிச்சு பேட்டை நல்லா அழுத்துங்க. சத்தத்தோட சுருதி இறங்கி அப்படியே நின்னா வேணாம். இறங்கி உடனே மீண்டா எடுக்கலாம். மெதுவா வேகம் எடுக்குற சொஃப்ட் ஸ்டார்ட்டும் இருக்கணும். இல்லன்னா சுவிட்ச் போட்ட நொடியில மூனு கிலோ மெஷின் மணிக்கட்டை முறுக்கும்.

பெப்ரவரி 3, காலை 7.05

மெஷினுக்கு முன்னாடி ஒன்னு. அது ஜெல்கோட்தானா?

அன்னப் படகுல சிலது பைபர், சிலது வார்த்த பிளாஸ்டிக். பிளாஸ்டிக்னா தொடும்போது மெழுகு மாதிரி வழுக்கும், நகத்தால அழுத்தினா லேசா தடம் விழும், உள்பக்கத்துல பைபர் பாயோட நூல் தெரியாது. அதுக்குக் கம்பவுண்ட் போட்டு ஒன்னும் நடக்காது. பொலிஷ் பண்ண அங்க ஜெல்கோட்டே கிடையாது.

பைபர்தான்னா வெள்ளைத் துணியில கொஞ்சம் தின்னர் தொட்டு, கண்ணுக்குப் படாத இடத்துல தேய்ச்சுப் பாருங்க. நிறம் கரைஞ்சு துணிக்கு வந்தா அது பிறகு அடிச்ச எனாமல் பெயிண்ட். அன்னத்தோட மூக்கும் கண்ணும் பெரும்பாலும் பிரஷால அடிச்சதுதான். அதுல கம்பளி பேட் பட்டா ஆரஞ்சு நிறம் பேட்டுல ஏறி, அடுத்து வெள்ளைக் கழுத்து முழுக்கப் பூசிரும். டேப் ஒட்டி மூடிருங்க.

இன்னொரு சோதனை. மங்கின இடத்துல தண்ணி ஊத்துங்க. ஈரமா இருக்கும்போது பழைய நிறம் வந்தா பொலிஷுக்கும் வரும். ஈரத்துலயும் வெளிறியே இருந்தாலோ, பச்சையும் பழுப்பும் கலந்த நிழல் தெரிஞ்சாலோ ஜெல்கோட் தேய்ஞ்சு அடிப் பைபர் தெரியுதுன்னு அர்த்தம். அந்த இடத்துக்குப் புது ஜெல்கோட்தான் அடிக்கணும். எந்தப் பொலிஷரும் உதவாது.

பெப்ரவரி 3, இரவு 9.20

‘எங்க ஊர்ல வெயிலே இல்ல, எப்புடி வெளிறுது’ன்னு கேட்டவருக்கு.

குளிரைப் பார்த்து ஏமாறக் கூடாது. 1000 மீட்டர் ஏறுறப்போ புற ஊதாக் கதிர் நூத்துக்கு 10 அளவு கூடும். நுவரெலியா 1868 மீட்டர். மூட்டம் இல்லாத ஜனவரி, பெப்ரவரி, மார்ச் பகல்ல கீழ் நாட்டை விட அஞ்சுல ஒரு பங்கு கூடக் கதிர் விழுது. ஜெல்கோட்ங்கிறது நிறம் கலந்த பொலியெஸ்டர் ரெசின். கதிர் மேல்தோலோட பிணைப்பை உடைக்கும், நிறத்தூள் பிடிப்பில்லாமப் பொடியாகும். கையில ஒட்டுற வெள்ளை அதுதான். பனியும் மூட்டமும் அந்தப் பொடியில ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும், அழுக்கும் பாசியும் அங்கதான் குடியேறும்.

பொலிஷ் பண்றதுன்னா அந்தச் செத்த தோலைச் சீவி எடுக்குறது. ஜெல்கோட்டோட மொத்தத் தடிப்பே அரை மி.மீ. அளவுதான். ஒவ்வொரு தடவையும் அதுல இருந்துதான் போகுது, அதனால வருஷா வருஷம் வெட்டக் கூடாது. ஒரு தடவை சரியா வெட்டி, பிறகு மெழுகால காப்பாத்தணும்.

பெப்ரவரி 4, பகல் 1.10

கரண்ட் பற்றி. இதை முதல் நாளே சொல்லியிருக்கணும்.

1200 வாட் மெஷின் 230 வோல்ட்ல 5.2 அம்பியர் இழுக்கும். பழைய வீடுகள்லயும் வாவிக்கரை கொட்டில்கள்லயும் 5 அம்பியர் வட்டப் பின் பிளக் பொயிண்ட்தான் இருக்கும். அதுல மாட்டி ஒரு மணித்தியாலம் ஓட்டினா பின் சுடும், பிளாஸ்டிக் வாடை வரும். 13 அம்பியர் சதுரப் பின் பொயிண்ட்ல மாட்டுங்க. எக்ஸ்டென்ஷன் வயர் 25 மீட்டர்னா 1.5 சதுர மி.மீ. செம்பு. ரீல்ல சுத்தின மாதிரியே வெச்சு ஓட்டாதீங்க, முழுசா விரிங்க. வயரைத் தோளுக்கு மேல போட்டு முதுகுப் பக்கமா விட்டா பேட்டுல சுத்தாது.

30 மில்லி அம்பியர் டிரிப் சுவிட்ச் இல்லாத லைன்ல இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. கையில ஈரம், தரையில ஈரம், ஹல்லுல தண்ணி. படகு தண்ணியில மிதக்கும்போது வயர் மெஷினைக் கிட்டயே கொண்டு போகாதீங்க. கரைக்கு ஏத்தி, தாங்கு கட்டை குடுத்து, காய்ஞ்ச தரையில செய்யுங்க.

ஜெனரேட்டர்ல ஓட்டுறவங்களுக்கு: உயரத்துல காத்து மெலிசு. பெட்ரோல் இஞ்சின் 300 மீட்டருக்கு நூத்துக்கு மூன்றரை அளவு பலம் இழக்கும். நுவரெலியாவுல அது அஞ்சுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூட. பெட்டியில 2 கிலோவாட்னு போட்டிருந்தா 1.6க்குக் கீழதான் கிடைக்கும்னு வெச்சுக்குங்க. பொலிஷர் மோட்டருக்கும் இதே மெலிசுக் காத்துதான் குளிர்ச்சி. கால் மணிக்கு ஒரு தடவை ஒரு நிமிஷம் சுமை இல்லாம ஓட விட்டா உள்சூடு வெளியேறும்.

பெப்ரவரி 5, இரவு 8.50

டி.ஏ. மெஷின், அதாவது சுத்திக்கிட்டே ஊசலாடுற பொலிஷர். ‘அது பாதுகாப்பு, கருக்காது’ன்னு எழுதினவர் சொன்னது உண்மை. ஆனா சுண்ணாம்பு பூத்த வெள்ளை ஹல்லுக்கு அது போதாது. 8 மி.மீ. ஊசலாட்டம் உள்ள சாதாரண டி.ஏ.வை வளைவுல அழுத்தினா சுழற்சி நின்னு வெறும் அதிர்வுதான் மிஞ்சும். ஒரு பக்க ஹல்லுக்கே ஒரு நாள் போகும்.

பெப்ரவரி 6, காலை 6.15

நேத்து எழுதினதைத் திருத்துறேன். ‘டி.ஏ. போதாது’ன்னு மொத்தமா சொன்னது தப்பு.

15, 21 மி.மீ. ஊசலாட்டம் உள்ள பெரிய டி.ஏ.க்கள் மைக்ரோபைபர் பேட்டோட ஓரளவு வெட்டும். பல்சக்கரத்தால கட்டாயமா சுழலுற வகையும் இருக்கு. பிளெக்ஸ் 3401 அப்படிப்பட்டது, அழுத்தினாலும் நிக்காது. மங்கல் லேசா இருந்தா, அதாவது கறுப்புத் துணியால தேய்ச்சு வெள்ளை கொஞ்சமாத்தான் வந்தா, இதுகளே போதும். இன்னொரு இடத்துல டி.ஏ. கட்டாயம் வேணும்: நீலம், சிவப்பு, கறுப்பு ஹல். ரோட்டரி விட்ட வளையக் கீறல் வெள்ளையில கண்ணுக்குத் தெரியாது. கடும் நீலத்துல வெயில் பட்டதும் நாகம் ஊர்ந்த தடம் மாதிரி மின்னும். அங்க ரோட்டரியால வெட்டிட்டு, மென்மையான ஸ்பொஞ்ச் பேட்டோட டி.ஏ.வால முடிக்கணும்.

கேட்டவரோடது முழு வெள்ளை. ரோட்டரி ஒன்னு போதும், மிச்சக் காசை பேட்டுல போடுங்க.

பெப்ரவரி 6, இரவு 10.00

பேட். மெஷினை விட இதுலதான் கூடுதலா தப்பு நடக்குது.

வெட்டுறதுக்கு முறுக்கின நூல் கம்பளி, 180 மி.மீ. அதோட இழைகளுக்கு நடுவுல காத்து போகும், ஸ்பொஞ்ச் அளவு சூடேறாது. முடிக்கிறதுக்கு முறுக்காத மென் கம்பளி இல்லன்னா நடுத்தர ஸ்பொஞ்ச். ஒரு கம்பவுண்டுக்கு ஒரு பேட், மாத்தி மாத்திப் பாவிக்கக் கூடாது. முரட்டுக் கம்பவுண்டோட ஒரு துகள் மிஞ்சினாலும் மென்மையான சுற்று முழுக்கக் கீறும்.

ரெண்டு சதுரம் (60க்கு 60 செ.மீ. துண்டு) முடிஞ்சதும் பேட்டைச் சுத்தம் பண்ணணும். மெஷினை மெல்ல ஓட விட்டு, முள்சக்கரத்தையோ மொட்டை ஸ்குரூ டிரைவரையோ நடுவுல இருந்து விளிம்புக்குக் கொண்டு போங்க. விளிம்புல இருந்து உள்ளுக்குத் தள்ளினா கருவி கையை விட்டுப் பறக்கும். சுத்தம் பண்ணாத பேட்டுல கம்பவுண்டும் செத்த ஜெல்கோட்டும் சேர்ந்து காய்ஞ்சு கல்லுக் கல்லா நிக்கும். ‘மெஷின் சரியில்ல, கீறுது’ன்னு வர்ற முறைப்பாட்டுல முக்கால்வாசி இந்தக் கல்லுதான்.

கழுவினா இளஞ்சூட்டுத் தண்ணியில கழுவி, ஒரு பெரிய வாளிக்குள்ள வெச்சு மெஷின்லயே சுத்தி ஈரத்தை உதறி, நிழல்ல காய வைங்க. விறகடுப்புக்கு மேல தொங்க விடாதீங்க. கம்பளி இறுகிக் கட்டியாகும், பின்பக்க வெல்க்ரோ உருகும். நம்ம பக்கத்து மூட்டத்துல ஒரு பேட் காய ரெண்டு நாள் எடுக்கும், அதனால வெட்டுற பேட் மூனு வாங்குங்க. கண்டியில இல்லன்னா கொழும்பு பஞ்சிகாவத்தைப் பக்கம் பாருங்க. பின்தட்டும் பேட்டும் ஒரே மையத்துல உக்காருதான்னு மாட்டிப் பார்த்தே எடுங்க. 5 மி.மீ. விலகினாலே மெஷின் கையில துள்ளும்.

பெப்ரவரி 8, மாலை 5.30

வேலை நடக்கிற வரிசை. கேட்டவர் வாங்கிட்டாராம், 180 மி.மீ. ரோட்டரி. ரொம்ப சந்தோஷம்.

முதல்ல சோப்புத் தண்ணியில கழுவுங்க. தண்ணிக் கோட்டுல தேயிலைச் சாயம் மாதிரி படிஞ்சிருக்கிற கறை கம்பவுண்டுக்குப் போகாது, தேய்ச்சா ஜெல்கோட்தான் தேயும். ஒக்ஸாலிக் அசிட் தூள் 50 கிராமை ஒரு லீட்டர் தண்ணியில கரைச்சு, ஸ்பொஞ்சால தடவி, 10 நிமிஷம் காய விடாம வெச்சு நிறையத் தண்ணியில கழுவுங்க. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கணும். பிறகு பழைய மெழுகைத் தின்னர் துணியால துடைச்சு எடுங்க, துணியை அடிக்கடி புரட்டணும்.

மங்கல் ஆழமா இருக்கிற இடத்துக்கு மட்டும் வோட்டர் பேப்பர், அதாவது தண்ணி தொட்டுத் தேய்க்கிற மண் கடதாசி: இலக்கம் 1000, பிறகு 1500. ரொம்ப மோசம்னா 800ல தொடங்கலாம். பென்சிலால குறுக்கும் நெடுக்கும் மெல்லிய கோடு போடுங்க. கோடு மறைஞ்சதும் நிறுத்துங்க. ஒரு பேப்பரைக் கிடையா இழுத்தா அடுத்ததை நெடுக்கா இழுங்க, முன்னாடி கீறல் போச்சான்னு தெரியும். ஓரத்துலயும் முனையிலயும் பேப்பரே வைக்காதீங்க. அங்க ஜெல்கோட் மெலிசு.

இப்ப பொலிஷர். 60க்கு 60 செ.மீ. சதுரம். கம்பவுண்ட் ரெண்டு மேசைக்கரண்டி. அதை ஹல்லுல பூசி, மெஷினை ஓட விடாம பேட்டாலயே பரப்புங்க. 600ல தொடங்கி ஒரு சுத்து, பிறகு 1200, தேவைன்னா 1500. பேட் தட்டையா இருக்கட்டும், சாய்ச்சா ஒரு விரல் இடைவெளிக்கு மேல வேணாம். ஒவ்வொரு இழுப்பும் முந்தினதோட பாதியை மூடணும். கிடையா மூனு, நெடுக்கா மூனு. காய்ஞ்சா தண்ணியை ஹல்லுல புகையா ஸ்பிறே பண்ணுங்க, மெஷின் பக்கம் காட்டாதீங்க. ஓரத்துக்கு வரும்போது பேட் ஓரத்தை விட்டு வெளிய சுழலுற பக்கமா பிடிக்கணும். உள்ள நோக்கிச் சுழன்றா விளிம்புல கொத்தி, ஜெல்கோட்டையும் எடுத்து கையையும் திருப்பும்.

ஒவ்வொரு சதுரத்துலயும் புறங்கையை வெச்சுப் பாருங்க. இளஞ்சூடு சரி. அஞ்சு செக்கன் வைக்க முடியலன்னா வேகம் கூடிப்போச்சு, இல்லன்னா ஒரே இடத்துல நிக்கிறீங்க.

16 அடிப் படகுக்கு ரெண்டு பக்கமும் படகோட பின்பலகையும் சேர்த்து 10 சதுர மீட்டர்னு வெச்சா 28 சதுரம் வரும். ஒன்னுக்கு துடைச்சு முடிக்க 7 நிமிஷம்னா கம்பவுண்ட் சுற்றுக்கே மூனு மணித்தியாலத்துக்கு மேல. ஒரே நாள்ல எல்லாத்தையும் முடிக்கப் பார்க்காதீங்க.

பெப்ரவரி 9, காலை 7.00

நேத்து ‘ரெண்டு மேசைக்கரண்டி’ன்னு எழுதினது முதல் சதுரத்துக்கு மட்டும். காய்ஞ்ச புதுப் பேட் அதுல பாதியைக் குடிக்கும். பேட் ஊறின பிறகு ஒன்னு போதும். கூடப் போனா வெட்டாது, வழுக்கும், தெறிக்கும்.

பெப்ரவரி 11, இரவு 9.15

அன்னத்தோட கழுத்துக்கு 180 பேட் போகாது. 75 மி.மீ. பின்தட்டும் அதே அளவு கம்பளியும் வாங்கி இதே மெஷின்ல மாட்டலாம். சின்ன பேட் 1500ல சுத்தும்போது விளிம்பு வேகம் வினாடிக்கு 6 மீட்டர்தான், அதனால 2000 வரை கூட்டலாம். பெரிய பேட்டுக்குச் சமனாக்க 3600 வேணும்னு கணக்கு வரும், அந்தக் கணக்கைப் பின்பற்ற வேணாம். சூடு சின்ன இடத்துல குவியுது, வளைவுல பேட்டோட ஒரு ஓரம்தான் தொடுது. படகைக் கவிழ்த்து பழைய டயர் மேல வெச்சா அடிப்பக்கம் லேசு. கழுத்தும் உடம்பும் சேருற மடிப்பை மெஷினால செய்யாதீங்க. விரல்ல துணி சுத்தி கையாலேயே தேய்ங்க.

பெற்றரி மெஷின் கேட்டவருக்கு: 18 வோல்ட் 5 அம்பியர்-மணி பெற்றரியில 90 வாட்-மணி இருக்கு. வெட்டுற சுமை 450 வாட்னா 12 நிமிஷம், ரெண்டு சதுரம் கூட முழுசா வராது. மெழுகு சுற்றுக்கு நல்லது. பனி விழுற காலையில சார்ஜ் போடாதீங்க. பல சார்ஜருக்கு 10 பாகைக்கு மேல வேணும்னு புத்தகத்துலயே போட்டிருக்கு.

பெப்ரவரி 15, மாலை 6.20

கேட்டவர் அனுப்பின போட்டோ பார்த்தேன். இடது பக்கம் அருமை, கொட்டில் தகரத்தோட வரி வரியா நிழல் அதுல தெரியுது. வலது பக்க முன்முனையில உள்ளங்கை அளவு மஞ்சள் இருக்கு. அது கருகினதா, கறையான்னு பார்க்கணும். ஒக்ஸாலிக் தொட்டு 10 நிமிஷம் விடுங்க. போனா கறை. போகலன்னா 1500 பேப்பரால நாலஞ்சு இழுப்பு மட்டும், தண்ணி நிறைய. அதுக்கும் போகலன்னா விட்டுருங்க, இன்னும் தேய்ச்சா பைபர் தெரியும்.

மெஷின் வாடை அடிக்குதுன்னு எழுதியிருந்தீங்க. கம்பளிப் பஞ்சு மோட்டர்க் காத்து ஓட்டைகளை அடைச்சிருக்கும். பிளக்கைக் கழட்டிட்டு பெயிண்ட் பிரஷால தட்டி எடுங்க. வாடை நிக்கலன்னா கார்பன் பிரஷ் ரெண்டையும் கழட்டிப் பாருங்க, எல்லைக் கோடு வரை தேய்ஞ்சிருந்தா ரெண்டையும் சேர்த்தே மாத்தணும்.

பெப்ரவரி 16, காலை 6.50

மெழுகு. காலையில தொடங்காதீங்க. ஹல் கண்ணுக்குக் காய்ஞ்ச மாதிரி இருக்கும், ஒரு டிஷ்யூவை ஒத்தினா ஈரம் வரும். அந்தப் பனிக்கு மேல தடவின மெழுகு ஒட்டாது, வெள்ளைத் திட்டாகும். 10 மணிக்குப் பிறகு, மூட்டம் விலகி ஹல் கைக்குச் சில்லுன்னு இல்லாத நேரம் தொடங்கி, 3 மணிக்குள்ள முடிங்க. பேஸ்ட் மெழுகு குளிர்ல இறுகியிருந்தா டப்பாவை சுடுதண்ணிப் பாத்திரத்துல அஞ்சு நிமிஷம் வைங்க. மெலிசா ஒரு பூச்சு, மங்கலானதும் துடைச்சு, மறுநாள் இன்னொரு பூச்சு. கையாலேயே போதும். ரோட்டரில போட்டா 600க்கு மேல வேணாம், மென் ஸ்பொஞ்ச்.

ஏறி இறங்குற படி, தரை, பெடலுக்குப் பக்கத்துல கால் வைக்கிற இடம், இதுக்கெல்லாம் மெழுகும் வேணாம், பொலிஷும் வேணாம். பிள்ளைகள் ஏறுற படகு, வழுக்கக் கூடாது.

கம்பவுண்ட் சேறும் உதிர்ந்த பஞ்சும் விழ கீழ ஒரு படங்கு விரிச்சிருந்தா அதை மடிச்சுக் குப்பைக்கு அனுப்புங்க, வாவிக்குக் கழுவி விடாதீங்க. அடுத்த மெழுகு மே மாச மழை தொடங்க முன்னாடி. அப்ப வெட்டுற பேட் வேணாம், மென் ஸ்பொஞ்சை மட்டும் எடுத்து வைங்க.